எங்கள் வீட்டு நாய் ஏன் புல் தின்றது?

"புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. "வைக்கோல் போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது" என்பது இன்னொன்று. இவ்விரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே வீட்டு நாய் முற்றத்தில் நின்றுகொண்டு ஆட்டுக்குட்டியைப் போல அருகம்புல்லைக் கடித்துத் தின்பதைக் கண்டால் நமக்குத் திகைப்பு வருவது இயல்பே. நாய்க்கு என்ன வந்துவிட்டது? வயிற்று வலியா? பசியா? நாம் போடும் சோறு போதவில்லையா?

நான் மருத்துவன் அல்லன். கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தக் கேள்வி என் வீட்டில் இரண்டு முறை எழுந்தது. முதல் முறை நான் தவறான விடையை நம்பினேன். அதற்கு ஒரு குட்டி நாயின் உயிரை விலையாகக் கொடுத்தோம். இரண்டாம் முறை என் மகன் வேறொரு தவறான விடையை நம்பினான். அது பயத்தோடு போயிற்று. இரண்டுக்கும் நடுவே நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பாறசாலையில் ஒரு குட்டி நாய்

1989-இல் வேலை மாற்றல் காரணமாகத் திருநெல்வேலியிலிருந்து பாறசாலைக்குக் குடிவந்தோம். அந்தப் பகுதியை அறிந்தவர்களுக்குத் தெரியும். களியக்காவிளை வரை தமிழ்நாடு, அதைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தாலுக்கா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுக்கா கேரளத்தில் நின்றது. கோடு போட்டது மனிதர்களுக்குத்தான். பேச்சும் மரச்சீனியும் தெரு நாய்களும் அந்தக் கோட்டை இன்றுவரை மதிக்கவில்லை. வந்த புதிதில் பக்கத்து வீட்டார் "உங்க வீட்டில் பட்டி உண்டா?" என்று கேட்டபோது, ஆட்டுப்பட்டியைக் கேட்கிறார்கள் என்று நினைத்து "இல்லை, இடமில்லை" என்றேன். நாயைத்தான் அங்கே பட்டி என்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது.

1991-இல் என் மகனுக்கு ஏழு வயது. எங்கிருந்தோ ஒரு செவலைக் குட்டியைத் தூக்கி வந்தான். இரண்டு மாதக் குட்டி இருக்கும். ராஜா என்று பெயர் வைத்தான். மூன்று வாரம் வீடே அதைச் சுற்றி ஓடியது. ஒரு நாள் காலை ராஜா சோறு தின்னவில்லை. முற்றத்தில் போய்க் கொஞ்சம் புல்லைக் கடித்தது, நுரையாக வாந்தி எடுத்தது, படுத்துக்கொண்டது.

எனக்குக் கவலைதான். வீட்டுக்காரப் பாட்டியிடம் கேட்டேன். அவரை எல்லாரும் அம்மூம்மை என்றே அழைப்போம். "பேடிக்காண்டாம் மக்களே. பட்டி புல்லு தின்னா வயிறு கழுவும். நாளைக்கு சரியாவும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தம் தாயும் பாட்டியும் சொன்னதைச் சொன்னார். எங்கள் ஊரிலும் என் தகப்பனார் இதையேதான் சொல்வார். ஆகவே நானும் நம்பினேன். மகனிடமும் அதையே சொன்னேன்.

மறுநாள் வாந்தி நிற்கவில்லை. மாலையில் ரத்தமாகக் கழிந்தது. மூன்றாம் நாள் காலை சாக்கில் சுற்றி மிருகாசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், தோலை இழுத்து விட்டுப் பார்த்தார். "முதல் நாளே கொண்டுவந்திருந்தால் குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்திருக்கலாம்" என்றார். அன்று பகலிலேயே ராஜா இறந்துவிட்டது. அது பார்வோ என்ற வைரஸ் நோய் என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். 1978 வாக்கில் உலகெங்கும் பரவத் தொடங்கிய நோய் அது. 1980-களின் தொடக்கத்திலேயே இந்தியாவிலும் பதிவாகிவிட்டது. அம்மூம்மையின் பாட்டி காலத்தில் அந்த நோயே கிடையாது. பழைய அனுபவத்துக்குப் புதிய நோய் எப்படித் தெரியும்?

தோட்டத்தில் குழி தோண்டும்போது என் மகன் ஒன்றே ஒன்று கேட்டான்: "புல் தின்னா சரியாயிடும்னு சொன்னீங்களே அப்பா?" என்னிடம் பதில் இல்லை.

மகனின் பயம்

அந்த மகன் இப்போது பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறான். நாங்கள் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டோம். ஓணம் விடுமுறைக்கு அவர்கள் வந்திருந்தபோது, எங்கள் நாய் மணி வேலியோரத்தில் ஆற அமரப் புல் மேய்வதைப் பேத்தி பார்த்துவிட்டு, "தாத்தா, மணி சைவமாயிட்டா?" என்று சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "உடனே டாக்டரிடம் போகலாம்" என்றான். இரவு எட்டு மணி. மணிக்கு ஐந்து வயது. தடுப்பூசி எல்லாம் முறையாகப் போட்ட நாய். அன்று இரண்டு வேளையும் தட்டை நக்கித் துடைத்திருந்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது. என்ன சொல்லியும் கேளாமல் காரில் ஏற்றினான்.

டாக்டரம்மா மணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதற்கு ஒன்றுமில்லை. புல் தின்னாத நாயைத்தான் நான் அதிகம் பார்த்ததில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆக, ஒரே புல். 1991-இல் அதை மருந்து என்று நினைத்து நான் காத்திருந்தேன். இப்போது அதை நோய் என்று நினைத்து மகன் ஓடினான். உண்மை என்ன?

ஆய்வுகள் சொல்வது

நாய் வயிற்றுக் கோளாறுக்குத்தான் புல் தின்கிறது என்ற கருத்து மிகப் பழையது. சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலே, குடற்புழு உள்ள நாய்கள் பயிரைத் தின்னும் என்று எழுதி வைத்திருக்கிறார். ஆனால் இதை முறையாக எண்ணிப் பார்த்தவர்கள் அண்மைக் காலம் வரை இல்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவ அறிஞர் பெஞ்சமின் ஹார்ட், கேரன் சூடா முதலியோர் நாய் வளர்ப்பவர்களிடம் விரிவாகக் கேட்டு 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். முதலில், நாய் வைத்திருந்த 25 கால்நடை மருத்துவ மாணவர்களைக் கேட்டார்கள். 25 பேரின் நாய்களும் புல் தின்பவையே! பிறகு பெரிய அளவில் விசாரித்து, 1571 நாய்களைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 68 விழுக்காடு நாய்கள் தினமுமோ வாரம் ஒரு முறையாவதோ புல் அல்லது வேறு செடியைத் தின்பவை. தின்பதற்கு முன் அடிக்கடி நோயுற்றுக் காணப்பட்டவை 8 விழுக்காடு மட்டுமே. தின்ற பிறகு வழக்கமாக வாந்தி எடுத்தவை 22 விழுக்காடு.

நம் கணக்கில் சொன்னால், புல் தின்னும் நூறு நாய்களில் தொண்ணூற்றிரண்டு, தின்பதற்கு முன் நன்றாகத்தான் இருக்கின்றன. எழுபத்தெட்டு, தின்றபின் வாந்தி எடுப்பதும் இல்லை. நாம் ஏன் வாந்தியோடு அதைச் சேர்த்தே நினைக்கிறோம்? அமைதியாகப் புல் தின்றுவிட்டுப் போகும் நாயை யாரும் கவனிப்பதில்லை. நடு வீட்டில் வாந்தி எடுத்த நாயை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறோம். துடைத்தவர்களுக்கு அது மறக்காது அல்லவா?

ஆஸ்திரேலியாவில் 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நாய்களுக்குப் புல்லைக் கொடுத்து நேரிலேயே கவனித்தார்கள். எழுநூறு முறைக்கு மேல் அவை புல் தின்றன. வாந்தி விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே. இன்னொன்றும் தெரிந்தது. உணவுக்கு முன், அதாவது பசியோடு இருக்கும் நேரத்தில் நாய்கள் அதிகமாகப் புல் தின்றன. வயிறு நிறைந்தபின் குறைத்துக்கொண்டன.

அப்படியானால் வாந்திக்காகப் புல் என்பது முழுப் பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. டேவிஸ் ஆய்விலேயே, முன்பே உடல்நலம் குன்றிக் காணப்பட்ட நாய்கள்தாம் தின்றபின் வாந்தி எடுப்பது கூடுதலாக இருந்தது. சில நேரம், சில நாய்களிடம் அது உண்மைதான். ஆனால் அது பொது விதி அல்ல.

ஓநாயின் பழக்கம்

நாய் ஓநாயின் வழி வந்தது என்பதை அறிவோம். ஓநாய்களும் புல் தின்கின்றன. அலாஸ்காவில் ஓநாய்களை ஆராய்ந்த அடால்ஃப் மியூரி என்பவர் 1944-இல் வெளியிட்ட நூலில், ஓநாய்களின் எச்சத்தில் புல் இருப்பதையும், சிலவற்றில் புல் இதழ்களுக்கிடையே உருண்டைப் புழுக்கள் இருந்ததையும் குறித்திருக்கிறார். புலிகளின் எச்சத்திலும் புல்லைக் காட்டியல் ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். நம் பழமொழி மான அவமானத்தைப் பற்றியது; விலங்கியல் பாடம் அன்று என்று வைத்துக்கொள்வோம்!

இதற்குச் சிம்பன்சிக் குரங்குகள் ஒரு விளக்கம் தருகின்றன. ஆப்பிரிக்காவின் தான்சானியாவில், அவை சொரசொரப்பான சில இலைகளை மெல்லாமல் மடித்து அப்படியே விழுங்குவதை ஆய்வாளர்கள் கண்டனர். அந்த இலைகள் செரிக்காமல் குடல் வழியே போகும்போது குடலின் ஓட்டத்தைத் தூண்டிப் புழுக்களையும் தள்ளிக்கொண்டு வெளியேறுகின்றன என்பதை மைக்கேல் ஹஃப்மன் முதலியோர் 1990-களில் எடுத்துக்காட்டினர். நாயின் வயிற்றிலும் புல் செரிப்பதில்லை. மாட்டுக்கு அசை போடும் இரைப்பையும் அதில் நார்ப்பொருளை உடைக்கும் நுண்ணுயிர்களும் உண்டு. நாய்க்கு அவை இல்லை. தின்ற புல் பெரும்பாலும் தின்றபடியே வெளியேறுகிறது. முன்னோரான ஓநாய்களுக்குக் குடலைத் துப்புரவாக்கும் துடைப்பமாக இது பயன்பட்டிருக்கலாம். புழு இல்லாத இன்றைய வீட்டு நாயிடமும் அந்தப் பழக்கம் பிறவியிலேயே தங்கிவிட்டது என்பது ஹார்ட்டின் கருத்து. கருத்துத்தான்; முழுமையாக நிறுவப்பட்ட முடிவு அல்ல. ஆனால் இதுவரை சொல்லப்பட்டவற்றில் பொருத்தமாகத் தோன்றுவது இதுவே.

அம்மூம்மை சொன்ன "வயிறு கழுவும்" என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்று இப்போது புரிகிறது. அது புழுவுக்கு ஓரளவு பொருந்தலாம். வைரஸ் நோய்க்குப் பொருந்தாது. நான் பிழை செய்த இடம் அதுவே.

சோறும் மரச்சீனியும்

"நாம் இறைச்சி போடாமல் சோறு போடுகிறோம், அதனால்தான் புல் தின்கிறது" என்று நம்மில் பலர் குற்ற உணர்வோடு சொல்வதுண்டு. இங்கே தெற்குத் திருவிதாங்கூர்ப் பகுதியில் நாயின் தட்டில் விழுவது பழஞ்சோறும் மீன் தலையும், அவித்த மரச்சீனியும்தான். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பஞ்சம் தாங்கும் உணவாகப் பரப்பியதாக வரலாறு. மனிதர் தட்டுக்கு வந்தது நாய்க்கும் வந்தது.

ஓநாய்க்கு மாவுச்சத்து ஒத்துக்கொள்வது கடினம். நாய்க்கு அப்படி அல்ல. ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஓநாய்களையும் 60 நாய்களையும் ஒப்பிட்டு 2013-இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் என்னும் நொதியை உண்டாக்கும் மரபணு, ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்கிறது. நாய்களிடம் நான்கு முதல் முப்பது படிகள் வரை இருக்கிறது. மனிதன் பயிர் செய்யத் தொடங்கியபின் அவன் குப்பை மேட்டை நம்பி வாழ்ந்த நாய், அவன் உணவுக்கே தன் வயிற்றைப் பழக்கிக்கொண்டது. நம் ஊர்த் தெரு நாய்களை ஆராய்ந்த கொல்கத்தா ஐசர் நிறுவன ஆய்வாளர்களும், அவை கிடைக்கும் மாவுப் பொருள்களைத் தின்று வாழ்ந்தாலும் இறைச்சி வாசனை உள்ளதை முதலில் எடுக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே சோறு போடுவது பாவமில்லை. சோறு மட்டும் போடுவதே குறை. முட்டை, மீன், கோழி என ஏதாவது ஒரு புரதம் தினமும் சேர வேண்டும்.

சரி, உணவுக்கும் புல்லுக்கும் தொடர்பு உண்டா? டேவிஸ் ஆய்வில், கடைத் தீவனம் தின்னும் நாய்க்கும் வீட்டுச் சாப்பாடு தின்னும் நாய்க்கும், நார்ச்சத்து கூடுதலாகக் கிடைப்பதற்கும் குறைவாகக் கிடைப்பதற்கும் புல் தின்பதில் வேறுபாடு தெரியவில்லை. பொதுவாகப் பார்த்தால் தொடர்பில்லை எனலாம். ஆனால் தனிப்பட்ட நாய்களில் தொடர்பு இருக்கக்கூடும். கொரியாவில் பதினொரு வயதுப் பூடில் நாய் ஒன்று ஏழு ஆண்டுகளாகத் தினமும் செடி தின்று வாந்தி எடுத்து வந்தது. நார்ச்சத்து மிகுந்த உணவுக்கு மாற்றிய சில நாட்களிலேயே அந்தப் பழக்கம் நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் 2007-இல் எழுதியிருக்கிறார்கள். ஒரு நாயை வைத்துச் சட்டம் இயற்ற முடியாது. ஆயினும் முயன்று பார்ப்பதில் தீங்கில்லை.

இதற்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு. பாலராமபுரத்தில் தமிழகத்திலிருந்து பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய நெசவாளர் வழியில் வந்த நண்பர் ஒருவர் எனக்குண்டு. அவர் வீட்டுப் பொமரேனியன் தினமும் விடியற்காலையில் புல்லைத் தின்று மஞ்சளாக வாந்தி எடுக்கும். பிறகு சாதாரணமாக விளையாடும். அதற்கு மாலை ஆறு மணிக்குப் பாலும் ரொட்டியும்; அடுத்த வேளை மறுநாள் ஒன்பது மணிக்கு. டாக்டர் இரண்டே மாற்றம் சொன்னார். இரவு படுக்கும் முன் ஒரு கைப்பிடிச் சோறு, முட்டையோடு. பகல் உணவில் அவித்த மத்தங்காய், அதாவது மஞ்சள் பூசணி, கொஞ்சம் காரட், பீன்ஸ். பாலை நிறுத்தச் சொன்னார். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. வெறும் வயிற்றில் பித்தநீர் சேர்வதால் வரும் வாந்தி அது. இரண்டு வாரத்தில் வாந்தி நின்றது. புல் தின்பது குறைந்ததே தவிர நிற்கவில்லை. நிற்க வேண்டியதும் இல்லை.

நம் அடுக்களையில் கவனிக்க வேண்டியவை

புல்லைப் பார்த்துப் பயப்படும் நாம், பயப்பட வேண்டிய பொருள்களை நம் கையாலேயே போடுகிறோம். முதலாவது வெங்காயம். மிஞ்சிய சாம்பார், தீயல், மீன் குழம்பு எல்லாவற்றிலும் சின்ன வெங்காயமும் பூண்டும் உண்டு. இவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வேக வைத்தாலும் அந்தக் குணம் போகாது. நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே ரத்தத்தில் கெடுதியைக் காட்டப் போதும். சிறிது சிறிதாகத் தினமும் போனாலும் சேர்ந்து கெடுக்கும். ஆகவே குழம்பு ஊற்றாமல், சோற்றையும் மீனையும் தனியாக எடுத்து வைப்பது நல்லது.

பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் இதயத்தைப் பாதிக்கும். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். மரச்சீனியை நன்றாக அவித்து நீரை வடித்தே போட வேண்டும். பச்சைக் கிழங்கிலும் தோலிலும் இலையிலும் சயனைடு விஷத்தை வெளிவிடும் பொருள் உண்டு. மரச்சீனி இலை தின்று ஆடு செத்தது என்பது இந்தப் பக்கத்தில் கேள்விப்படாத செய்தி அல்ல.

புல் நல்லதா என்று பாருங்கள்

நாய் புல் தின்பது குற்றமில்லை. எந்தப் புல் என்பதே கேள்வி. ரப்பர்த் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் களைக்கொல்லி அடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. மருந்து அடித்த இடத்துக்கு நாயை அவிழ்த்துவிடக் கூடாது. வேலியில் அரளி இருந்தால் எச்சரிக்கை தேவை. இலை, பூ, பட்டை எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். 2024-இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கியது நினைவிருக்கும். மனிதருக்கு ஆகாதது நாய்க்கும் ஆகாது.

பெங்களூரிலோ வளைகுடா நாட்டிலோ மாடிக் குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்கள் ஒரு தொட்டியில் அருகம்புல்லை வளர்க்கலாம். இங்கே கறுக என்பார்கள். நாய்க்கும் ஆயிற்று, விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கும் ஆயிற்று. பறிக்கும்போது பிள்ளையாருடையதை முதலில் பறித்துவிடுங்கள்!

இன்னொன்று, புழு. கொக்கிப்புழு நம் ஈரமான மண்ணில் எளிதில் வளரும். நாயின் மலம் பட்ட மண்ணில் வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகளின் தோலுக்குள்ளும் அதன் இளம்புழு நுழைந்து, கோடு கோடாக அரிப்பை உண்டாக்கும். குட்டிகளுக்கு இரண்டு வார வயதில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும், வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பூச்சி மருந்து கொடுப்பது பொதுவான முறை. அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். புல் புழுவை நீக்கும் என்று மருந்தை விட்டுவிடக் கூடாது.

எப்போது ஓட வேண்டும்?

மகனுக்காக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதையே இங்கும் தருகிறேன்.

1. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி சோறு தின்னாமல் வாந்தி எடுத்தால், புல் தின்றாலும் தின்னாவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பார்வோவில் ஒரு நாள் தாமதமும் அதிகம். உடலில் நீர் வற்றாமல் காத்தால் பல குட்டிகள் பிழைக்கின்றன.

2. வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் இருந்தால், ஈறு வெளுத்திருந்தால் காத்திருக்கக் கூடாது.

3. வளர்ந்த நாய் ஒரு நாள் முழுதும் சாப்பிடாமல் இருந்தாலோ, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ காட்ட வேண்டும்.

4. என்றும் இல்லாமல் திடீரென்று வெறி பிடித்தது போலப் புல்லைப் பிடுங்கி விழுங்கினால் வயிற்றில் ஏதோ துன்பம் என்று கொள்ளலாம். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராவிட்டால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. இரவானாலும் போக வேண்டும்.

5. நாயின் குணம் மாறி, மண், மரக்கட்டை, துணி என்று கண்டதையும் கடித்து விழுங்கினால், விழுங்க முடியாமல் உமிழ்நீர் வடிந்தால், கிட்டே போகாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். கடியோ கீறலோ பட்டால், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நோய் வெளிப்பட்டபின் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத செயல்.

6. இவை எதுவும் இல்லாமல், நன்றாகச் சாப்பிட்டு, வாலாட்டிக்கொண்டு புல் தின்றால், தின்னட்டும்.

குட்டி வாங்கியவர்கள் ஆறிலிருந்து எட்டு வார வயதில் பார்வோத் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். பார்வோவில் குட்டி இறந்த வீட்டு மண்ணில் அந்த வைரஸ் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். அங்கே தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுவரக் கூடாது. இது தெரியாமல் நாங்கள் அடுத்த மாதமே இன்னொரு குட்டியை எடுக்க இருந்தோம். மகன்தான் வேண்டாம் என்றான். பல ஆண்டுகள் எங்கள் வீட்டில் நாயே இல்லாமல் இருந்தது.

ஓணம் முடிந்து அவர்கள் பெங்களூர் புறப்பட்ட அன்று காலை, மணி வழக்கம்போல வேலியோரம் நின்று புல் தின்றுகொண்டிருந்தது. மகன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கையில் நான் எழுதிக் கொடுத்த தாள். "காலையில சாப்பிட்டுதா அப்பா?" என்று கேட்டான். "சாப்பிட்டது" என்றேன். "அப்ப தின்னட்டும்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். முப்பது ஆண்டுக்கு மேல் கடந்து, அவன் அன்று கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொல்லிவிட்டதாக எனக்கு ஒரு நிம்மதி.